அடைப்பு எத்தனை சதவீதம் என்பதோடு நின்றுவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயநோய் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளை விடாமல் வாசித்து வருகிறேன். இதய சி.டி. ஸ்கேன் பிரிவில் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அக்கட்டுரைகளில் திரும்பத் திரும்ப விடுபட்டுப் போகும் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இரத்தக்குழாயில் எத்தனை சதவீதம் அடைப்பு என்ற எண்ணோடு அவை நின்றுவிடுகின்றன. அந்த அடைப்பைத் தாண்டி இதயத் தசைக்குப் போதிய இரத்தம் போய்ச் சேருகிறதா என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை. உடலுக்குள் கம்பி எதையும் செலுத்தாமல், ஏற்கெனவே எடுத்த சி.டி. ஆஞ்சியோ படத்தைக் கொண்டே இக்கேள்விக்கு விடை கணக்கிடும் முறை பத்தாண்டுகளுக்கு மேலாகப் பயன்பாட்டில் இருந்தும், நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போகும் பெரும்பாலோர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

ஸ்கேன் மேசையில் படுத்திருப்பவரிடம் நாங்கள் சொல்லும் சொற்கள் என்றும் ஒரே மாதிரிதான். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு அறுபதை ஒட்டி இறங்கியிருக்கிறதா என்று மானிட்டரைப் பார்ப்போம். குழாய்கள் நன்றாக விரிவதற்காக நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்போம். சாயமருந்து ஏறும்போது உடம்பெங்கும் ஒரு சூடு பரவும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்போம். 'மூச்சை இழுங்கள், அப்படியே நிறுத்துங்கள்' என்போம். சில விநாடிகளில் படம் முடிந்துவிடும். எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே அவர் கேட்கும் முதல் கேள்வியும் என்றும் ஒன்றுதான்: "எத்தனை பர்சென்ட் அடைப்பு இருக்கு?"

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது குழாயின் அகலத்தை மட்டுமே சொல்கிறது. வாய்க்கால் ஓரிடத்தில் குறுகியிருக்கிறது என்பது ஒரு செய்தி, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுகிறதா என்பது வேறொரு செய்தி. குறுகலின் நீளம், அது திடீரென்று குறுகுகிறதா படிப்படியாகக் குறுகுகிறதா என்பது, அதற்கு அப்பால் எவ்வளவு தசை அந்தக் குழாயை நம்பியிருக்கிறது என்பது ஆகிய எல்லாம் சேர்ந்தே ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன. இதயத்தின் முன்பக்கத் தசையின் பெரும்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இடது முன் இறங்கு தமனியின் தொடக்கத்தில் உள்ள 50 சதவீதக் குறுகல் ஒருவரை மாடிப்படி ஏறவிடாமல் தடுக்கலாம். சிறு கிளையொன்றில் உள்ள 70 சதவீதக் குறுகல் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கலாம். குழாயின் விட்டம் ஏறத்தாழப் பாதியாகக் குறுகும்போதே உழைப்பு நேரத்தில் பாய வேண்டிய உச்ச ஓட்டம் குறையத் தொடங்கிவிடுகிறது என்பதையும், ஓய்வு நேர ஓட்டமோ ஏறத்தாழ 85 சதவீதம் குறுகும்வரை தாக்குப்பிடிக்கிறது என்பதையும் லான்ஸ் கூல்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1974-ஆம் ஆண்டிலேயே விலங்குகளில் செய்த ஆய்வின் வழியே காட்டினார். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல், வேகமாக நடந்தால் மட்டும் நெஞ்சை அழுத்துவது ஏன் என்பதற்கான விளக்கம் இதில்தான் இருக்கிறது.

ஓட்டத்தை அளக்கும் முறையை 1990-களில் நிக்கோ பெய்ல்ஸ், பெர்னார்டு டி புருய்ன் ஆகிய இரு மருத்துவர்கள் உருவாக்கினர். கேத் லேபில், அதாவது இரத்தக்குழாய்க்குள் கம்பி செலுத்திப் பரிசோதனையும் சிகிச்சையும் செய்யும் அறையில், ஆஞ்சியோகிராம் செய்யும்போது, நுனியில் அழுத்தமானி பொருத்திய மிக மெல்லிய கம்பியொன்றை அடைப்பைத் தாண்டிச் செலுத்துவார்கள். அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து, ஓட்டம் உச்சத்துக்குப் போகும் வேளையில், அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுப்பார்கள். கிடைக்கும் எண்ணுக்கு எஃப்.எஃப்.ஆர். என்று பெயர். தடையே இல்லாத குழாயில் அது 1. 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால், அந்த அடைப்பு இதயத் தசையைப் பட்டினி போடுகிறது என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்த எண்ணை அளந்து பார்த்தபோதுதான் நம் கண் எவ்வளவு ஏமாற்றுகிறது என்பது வெளிப்பட்டது. 1005 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2009-இல் வெளியான ஃபேம் ஆய்வில், படத்தில் 50 முதல் 70 சதவீதம் வரை குறுகித் தெரிந்த இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உண்மையில் ஓட்டத்தைத் தடுத்தன. 71 முதல் 90 சதவீதம் வரை குறுகித் தெரிந்தவற்றிலும்கூட ஐந்தில் ஒன்று தடுக்கவில்லை. அழுத்தத்தை அளந்து ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைச்சுருள்) வைத்த பிரிவினருக்குச் சராசரியாக 1.9 ஸ்டென்ட்களும், படத்தை மட்டும் பார்த்து வைத்த பிரிவினருக்கு 2.7 ஸ்டென்ட்களும் தேவைப்பட்டன. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மீண்டும் சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் முதல் பிரிவில் 13.2 சதவீதம், இரண்டாம் பிரிவில் 18.3 சதவீதம். குறைவாக வைத்தவர்களே நலமாக இருந்தார்கள். இவ்வளவு தெளிவான முடிவு வந்த பின்னும் அழுத்தக் கம்பி எல்லா இடத்திலும் வழக்கத்துக்கு வரவில்லை. கூடுதல் நேரம், கூடுதல் செலவு, கம்பியைச் செலுத்துவதில் உள்ள சிறிய ஆபத்து என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அந்த அளவீட்டுக்கு நோயாளி எப்படியும் கேத் லேபுக்குள் போயாக வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பொறியாளர் சார்லஸ் டெய்லரும் இரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை நிபுணர் கிறிஸ்டோஃபர் ஸாரின்ஸும் இந்த இடத்தில்தான் புதிய வழியொன்றைத் திறந்தனர். சி.டி. படத்திலிருந்து அந்த நோயாளியின் கரோனரிக் குழாய்களுக்கு முப்பரிமாண வடிவம் அமைக்கப்படுகிறது. இதயத் தசையின் எடையைப் படத்திலிருந்தே கணித்து, ஓய்வில் எவ்வளவு இரத்தம் அதற்குத் தேவை என்று மதிப்பிடுகிறார்கள். குழாய் எவ்வளவு பெரியதோ அவ்வளவு குறைவாக அதற்கு அப்பாலுள்ள நுண்குழாய்களின் தடை இருக்கும் என்ற உடலியல் விதியைப் பயன்படுத்தி, அடினோசின் கொடுத்தால் அந்தத் தடை எவ்வளவு தளரும் என்பதையும் கணக்கில் சேர்க்கிறார்கள். பிறகு, குழாயில் ஓடும் நீருக்கும் விமான இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்றுக்கும் பொதுவான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கிறது. முடிவில், மரம்போல் கிளைத்த குழாய்களின் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது நிறங்களாகத் திரையில் விரிகிறது. நோயாளிக்குக் கூடுதல் ஊசியோ, கூடுதல் கதிர்வீச்சோ, கூடுதல் சாயமருந்தோ இல்லை. அவர் வீட்டில் இருக்கும்போதே அவருடைய இதயத்தின் கணக்கு வேறொரு கணினியில் முடிந்துவிடுகிறது.

இவ்விருவரும் தொடங்கிய ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தின் முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014 நவம்பரில் அனுமதி தந்தது. எந்தச் சிகிச்சையை ஏற்கலாம் என்று மதிப்பிட்டுச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அமெரிக்க இதயநோய்ச் சங்கங்களின் 2021-ஆம் ஆண்டு நெஞ்சுவலி வழிகாட்டுதல், குழாயின் தொடக்க அல்லது நடுப்பகுதியில் 40 முதல் 90 சதவீதம் வரை குறுகல் தெரிந்தால் இம்முறையைப் பயன்படுத்துவது பொருத்தமானது என்கிறது. இப்போது வேறு நிறுவனங்களின் மென்பொருள்களும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மருத்துவமனையின் கணினியிலேயே கணக்கிடும் முறைகளும் வந்திருக்கின்றன. அவை எல்லாம் ஒரே அளவு சோதிக்கப்பட்டவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை, சாதகமானதை மட்டும் பொறுக்கியெடுக்காமல் சொல்ல விரும்புகிறேன். 2014-இல் வெளியான என்.எக்ஸ்.டி. ஆய்வில் 254 நோயாளிகளின் கணினிக் கணக்கு, கம்பியால் அளந்த எண்ணோடு ஒப்பிடப்பட்டது. ஓட்டம் தடைபடாதவரைத் தடைபடாதவர் என்று சரியாக இனங்காண்பதில் சி.டி. படம் மட்டும் தனியாக 34 சதவீதமே தேறியது; ஓட்டக் கணக்கைச் சேர்த்தபோது அது 79 சதவீதமாக உயர்ந்தது. பிளாட்ஃபார்ம் என்ற இன்னோர் ஆய்வில், கம்பி ஆஞ்சியோகிராமுக்கென ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு முதலில் சி.டி.யும், தேவைப்பட்டபோது ஓட்டக் கணக்கும் செய்யப்பட்டன. அவர்களில் 61 சதவீதத்தினருக்கு அந்த ஆஞ்சியோகிராமே ரத்து செய்யப்பட்டது. வழக்கமான முறையில் நேராகக் கேத் லேபுக்குப் போனவர்களிலோ 73 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க அடைப்பு ஏதும் இல்லை என்று தெரியவந்தது. நூறு பேரில் எழுபத்து மூன்று பேர், உள்ளே கம்பி போன பிறகு, 'ஒன்றுமில்லை' என்று கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அந்த ஒன்றுமில்லை என்ற சொல்லுக்காக அவர்கள் பட்ட பயத்தை எந்த அட்டவணையும் காட்டுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரிட்டனில் 1400 நோயாளிகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஃபோர்காஸ்ட் ஆய்வில், ஓட்டக் கணக்கைப் பயன்படுத்திய பிரிவில் கம்பி ஆஞ்சியோகிராம்களின் எண்ணிக்கை 22 சதவீதம் குறைந்தது. ஆனால் மொத்தச் செலவு குறையவில்லை, மாரடைப்பு போன்ற பெரிய நிகழ்வுகளிலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இது உயிர்காக்கும் அதிசயம் என்றோ, பணத்தை மிச்சப்படுத்தும் வழி என்றோ யாரேனும் விளம்பரம் செய்தால் அதை நம்ப வேண்டியதில்லை. தேவையற்ற கம்பிப் பரிசோதனையிலிருந்து பலரை விடுவிக்கிறது, தேவையானவருக்கு எந்த இடத்தில் சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே காட்டுகிறது என்பதே இதன் மெய்யான பயன். என்னளவில் அதுவே போதுமான பயன்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றும் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனுக்கு அவ்வப்போது நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்தது. சி.டி. படத்தில் 60 சதவீதக் குறுகல் என்று அறிக்கை வந்தது. நான் வேலை பார்க்காத வேறொரு மருத்துவமனையில், மறுநாளே ஆஞ்சியோகிராமும் அதே மேசையில் ஸ்டென்ட்டும் முடிந்துவிட்டன. அழுத்தக் கம்பி பயன்படுத்தப்படவில்லை; ஓட்டக் கணக்கும் கேட்கப்படவில்லை. இரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளைப் பல மாதங்கள் சேர்த்து விழுங்கியதில், சவரம் செய்யும்போது ஏற்படும் சிறு கீறல்கூட நெடுநேரம் கசிந்துகொண்டிருக்கும். நெஞ்சுப் பிடிப்போ முன்போலவே தொடர்ந்தது. அந்த ஸ்டென்ட் தேவையற்றது என்று நான் குற்றம் சாட்டவில்லை, ஏனென்றால் அது எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது என்பதுதான் என் வருத்தம். அளக்க வாய்ப்பிருந்தும் அளக்கவில்லை. வைத்த பிறகு அளக்க வழியும் இல்லை. மறுக்கும் துணிவு அன்று எங்களுக்கும் இல்லை. '60 சதவீதம்' என்ற சொல்லைக் கேட்ட குடும்பத்தில் எவருக்கு அந்தத் துணிவு வரும்?

நிலையான நெஞ்சுவலிக்கு அவசரப்பட்டு ஸ்டென்ட் வைப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்பதும் இப்போது நன்கு தெரிந்த செய்தி. 5179 பேரை உட்படுத்தி 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், முதலிலேயே கேத் லேபுக்குச் சென்றவர்களுக்கும் மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலி அதிகம் உள்ளவர்களுக்கு வலி குறைந்தது என்பதே ஸ்டென்ட், பைபாஸ் ஆகியவற்றின் பலனாக நின்றது. இடது பிரதான தமனியில் கடுமையான அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யோசித்து முடிவெடுக்கப் பெரும்பாலோருக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் செய்யத்தக்கதுதான் இந்தக் கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கையைத் தயவுசெய்து வெட்டாமல் வெளியிடுங்கள். நான் எழுதுவது மாதக் கணக்கில் ஒரே போக்கில் வந்துபோகும் நெஞ்சுவலியைப் பற்றி மட்டுமே. திடீரென்று நெஞ்சை நசுக்குவதுபோல் வலி வந்து, வியர்த்துக் கொட்டி, அது கையிலோ தாடையிலோ பரவினால் எந்த ஸ்கேனுக்கும் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்; இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை வேண்டும்; குழாய் முழுவதும் அடைபட்ட மாரடைப்பு என்றால் நேராகக் கேத் லேபுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது. அதில் ஐயமே இல்லை.

கணக்குக்கும் எல்லைகள் உண்டு. அது படத்தை நம்பி நிற்கிறது. படம் கெட்டால் கணக்கும் கெடும். நோயாளி ஒரே ஒரு கணம் மூச்சை விட்டுவிட்டால் போதும், திரையில் குழாய் படிக்கட்டுபோல் வெட்டி வெட்டித் தெரியும். அந்த வெட்டைக் கணினி அடைப்பு என்று எண்ணிவிடலாம். சுண்ணாம்பு படிந்த இடங்கள் படத்தில் தம் உண்மை அளவைவிடப் பருத்து, வெள்ளைப் பூவாய் விரிந்து, பக்கத்திலுள்ள வழியை மறைத்துவிடும். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த குழாய்களுக்கும், பைபாஸ் செய்தவர்களுக்கும் இம்முறை சரியாகப் பொருந்தாது. 0.75-க்கும் 0.80-க்கும் இடையே எண் வந்தால் அதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், வலியின் தன்மையையும் அடைப்பின் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் நான் அடிக்கடி கண்டது: குழாயின் வால்நுனியில் எண் இயல்பாகவே இறங்கியிருக்கும். அடைப்பைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் உள்ள எண்ணைப் பார்க்காமல், நுனியில் உள்ள 0.76-ஐப் பார்த்துப் பதறுவது பழைய சதவீதப் பிழையை வேறு வடிவில் செய்வதாகும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குச் சாயமருந்தே ஒரு கவலை என்பதால், சி.டி.க்கு முன் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது எங்கள் பிரிவில் மீற முடியாத வழக்கமாக இருந்தது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய குழாய்கள் சுத்தமாக இருந்தும், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் விரிய மறுப்பதால் உண்மையான நெஞ்சுவலி வருவதுண்டு. இது பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. சி.டி.யில் நுண்குழாய்கள் தெரிவதில்லை; ஓட்டக் கணக்கோ அவை ஒழுங்காக வேலை செய்கின்றன என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறது. ஆகவே இந்த நோயை இரண்டும் காட்டா. 0.92 என்று அறிக்கை வந்த ஒரு பெண்ணிடம், "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனக்கவலை" என்று சொல்லி அனுப்பியதை ஒருமுறை என் காதாலேயே கேட்டேன். அவர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப எனக்கு வலிக்கிறது பொய்யா?" என்று கேட்டார். பெரிய குழாயில் தடையில்லை என்பது மட்டுமே அந்த எண்ணின் பொருள். அவருக்கு நியாயமாகச் சொல்லியிருக்க வேண்டிய விடையும் அதுதான்.

அதேபோல, ஓட்டம் நன்றாக இருக்கிறது என்ற செய்தி மாத்திரைகளை நிறுத்துவதற்கான அனுமதி ஆகாது. ஸ்காட்லாந்தில் 4146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சி.டி.யும் எடுத்தவர்களில் ஐந்தாண்டுக்குள் இதயநோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு இருப்பதைக் கண்டு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உரியவர்களுக்குத் தொடங்கியதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகக் கருதப்படுகிறது. ஓட்டத்தைத் தடுக்காத படிவும் என்றேனும் வெடித்து அடைத்துக்கொள்ளக்கூடும். படம் படிவைக் காட்டுகிறது, கணக்கு ஓட்டத்தைக் காட்டுகிறது. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடக் கூடாது.

தங்கள் வழியாக மருத்துவமனைகளுக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 40 முதல் 90 சதவீதம் வரை குறுகல் என்று எழுதும் ஒவ்வொரு சி.டி. அறிக்கையிலும், அந்த வரிக்குக் கீழேயே, ஓட்டம் மதிப்பிடப்பட்டதா, மதிப்பிடப்பட்டால் அடைப்புக்கு அப்பால் எந்த இடத்தில் எந்த எண், மதிப்பிடப்படவில்லை என்றால் ஏன் என்பதை எழுதுங்கள். வசதி இல்லாத இடம் என்றால், டிரெட்மில், ஸ்ட்ரெஸ் எக்கோ, அணு ஸ்கேன் போன்ற வேறு வழியில் ஓட்டக் குறைவு பார்க்கப்பட்டதா என்றாவது எழுதலாம். நெஞ்சுவலிக்காரர் கேட்பதற்கு அப்போது சதவீதத்தைத் தவிர வேறொரு கேள்வியும் கிடைக்கும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இதய அடைப்பு பற்றிய கட்டுரையோடு வழக்கமான அந்தப் படத்தை, மஞ்சள் கொழுப்பு படிந்து வழி குறுகிய குழாயின் படத்தை வெளியிடும்போது, அதன் அருகில் நிறங்களால் ஓட்டத்தைக் காட்டும் இதயக் குழாய்களின் படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். ஸ்கேன் மேசையிலிருந்து எழுந்து பொத்தான் மாட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், "சதவீதம் இருக்கட்டும், இரத்தம் போய்ச் சேருதா?" என்று கேட்பதை என் பணிக்காலத்தில் நான் ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போது அந்தப் பிரிவில் இருக்கும் இளையவர்களின் காதிலாவது அந்தக் கேள்வி விழ வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
இதய சி.டி. பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்